ஆட்டம் நின்ற வண்டி

பெட்ரோல் விரலில் வழிய வேண்டும். அதுவரை மோட்டார் சைக்கிள் கார்பரேட்டரின் தலையில் இருக்கும் குமிழைக் கட்டைவிரலால் குத்திக்கொண்டே இருப்பாள் ப்ரீஷா கெர்மீன். குத்துக்கு ஒரு வசவு. "குடி, சனியனே. குடிச்சுத் தொலை." வழிந்ததைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, இடது கைப்பிடியில் இருக்கும் சின்ன நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளுவாள். தீப்பொறியைத் தாமதப்படுத்தும் நெம்புகோல் அது. மறந்துபோய் உதைத்தால் இன்ஜின் திருப்பி உதைக்கும், கணுக்கால் பெயரும். அவளுடைய தீவின் பீல் ஊரில் அப்படிப் பெயர்ந்த கணுக்கால்கள் சில உண்டு. எல்லாம் ஆம்பிளைக் கணுக்கால்கள். "ஓட்டிப் பாக்கறேன்னு வந்தானுங்க. இப்ப மழை வர்றத ஊருக்கே முன்னாடி சொல்றானுங்க," என்பாள்.

வயது அறுபதை நெருங்குகிறது. வேலை, பீல் துறைமுகத்துப் புகைக்கொட்டகையில். பிளந்த மீனைக் கம்பியில் கோத்து, ஓக் மரத்தூள் புகையில் தொங்கவிடுவது. அந்தப் புகை தோலுக்குள் போய்க் குடியிருக்கிறது, எந்தச் சோப்பும் அதைக் காலி செய்ய முடிந்ததில்லை. பந்தயத் தொடக்கக் கோட்டில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் நிற்பார்கள். "ப்ரீஷா, நீ முன்னால போனா எனக்குப் பசிக்குது" என்று ஒருவன் ஒருமுறை சொன்னான். "பின்னாலயே வா, முள்ளாவது கிடைக்கும்" என்றாள். முள்ளும் கிடைக்கவில்லை அவனுக்கு. அரை மைல் பின்னால் வந்து சேர்ந்தான்.

வண்டி இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. முன்னூற்றைம்பது சி.சி., ஒற்றைச் சிலிண்டர். பர்மிங்ஹாமில் வார்ட்லி என்ற ஒரு மனிதர் தன் கொட்டகையில் செய்து விற்றது. வார்ட்லியும் போனார், கொட்டகையும் போயிற்று. தீவின் வடக்கே ஒரு பண்ணையில், கோழிக்கூண்டுக்குள், பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததை ப்ரீஷா பார்த்தாள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கோழியை விரட்டினாள், மிச்சத்தை உருளைக்கிழங்குச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு போல்ட்டையும் தானே கழற்றினாள், தானே பூட்டினாள். "எவன் சொல்லிக் குடுத்தான்? ஒருத்தனும் இல்ல. பதினஞ்சுல பள்ளிக்கூடத்த விட்டேன். பள்ளிக்கூடம் பிழைச்சுது."

இந்த வண்டிகள் எப்படி ஓடும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். பாதிப்பேர் ஓட்டியதில்லை. மீதிப்பேர் ஓட்டி விழுந்தவர்கள். விழாதவளிடம் கேட்க வேண்டும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டியில் பழகியவனுக்கு எல்லாம் தலைகீழ். வளைவுக்கு முன் பதறிப்போய்ப் பிரேக்கென்று வலது காலை மிதிப்பான். கியர் ஏறும். நிற்க வேண்டிய வண்டி விடுதலை அடைந்து வயலுக்குள் போகும். பிரேக் என்று இருப்பதும் சர்க்கார் ஆபீசில் கொடுக்கிற மனு மாதிரிதான். முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். பதில் வந்தால் அதிர்ஷ்டம்.

பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. ரோட்டில் ஒரு பொத்தான் கிடந்தாலும் முதுகெலும்பு சொல்லிவிடும். முன்சக்கரத்தைப் பிடித்திருப்பது இரும்புக் குழாய்களும் ஒரே ஒரு ஸ்பிரிங்குமாக ஒரு ஃபோர்க். எண்பது மைல் வேகத்தைத் தாண்டினால் கைப்பிடி தானாக ஆடத் தொடங்கும். இடம், வலம், இடம், வலம். புதியவன் இறுக்கிப் பிடிப்பான், ஆக்சிலேட்டரை மூடுவான். மூடினால் எடை முழுக்க முன்னால் வந்து விழும், ஆட்டம் அடியாக மாறும். ப்ரீஷா கையைத் தளர்த்துவாள். முழங்கால் இரண்டாலும் டாங்கை அணைத்துக்கொள்வாள். திருகிய ஆக்சிலேட்டர் திருகியபடியே இருக்கும். "ஆடட்டும் விடு. கல்யாண வீட்டுல குடிச்ச மாமன் மாதிரி. நீ போயி பிடிச்சாத்தான் உன்னையும் இழுத்துக்கிட்டு விழுவான். விட்டா தானா ஆடி முடிச்சு உக்காருவான்."

வளைவில் அவள் கைப்பிடியைத் திருப்புவதில்லை. இடுப்பை ஒரு விரற்கடை நகர்த்துவாள். வண்டிக்குப் புரிந்துவிடும்.

கோபம்தான் அவளுக்குக் காலைச் சாப்பாடு. போனாக் ரொட்டியும் தேநீரும் அதற்குத் தொட்டுக்கொள்ள. பந்தய வண்டியை டிரெய்லரில் ஏற்றி, போர்வை போர்த்திக் கொண்டுவருகிறவர்கள் மீது கோபம். வெள்ளைக் கையுறை போட்டு டாங்கைத் துடைக்கிறவர்கள் மீது கோபம். வரி குறைவென்று தீவில் வந்து வீடு வாங்கிக்கொண்டு, பந்தய நாளில் ரோட்டை மூடுகிறார்களே என்று புலம்பும் வந்தேறிகள் மீது தனிக் கோபம். அவர்களுக்குத் தீவே சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதை அவள் மீன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வாள்: "காலையில கப்பல் இருக்கு, துரை."

ஆனால் இவை எல்லாம் சில்லறைக் கோபம். மொத்தக் கோபம் முழுவதும் டூகல் மில்கிரிஸ்ட் மீது.

டூகல் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். ஃபாக்ஸ்டேலில் பட்டறை வைத்திருக்கிறான். ஏழெட்டு வருஷங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அவளிடம் வந்து, "உன் வார்ட்லியோட ஃபோர்க்கக் கொஞ்சம் குடேன், ஒரு படம் வரைஞ்சுக்கறேன்" என்றான். பழைய சிநேகிதன் என்று கழற்றிக் கொடுத்தாள். சொன்னபடி திருப்பிக் கொடுத்தான். அடுத்த வருஷம் தொடக்கக் கோட்டில் அவள் பக்கத்தில் இன்னொரு வார்ட்லி வந்து நின்றது. அதற்கடுத்த வருஷம் இன்னும் இரண்டு. எல்லாம் டூகல் புதிதாகச் செய்தவை. குழாய் புதிது, இன்ஜினுக்குள் இருக்கிற பிஸ்டன் விமானத்துக்குப் போடுகிற உலோகம். ஆனால் ஃபோர்க்கின் தலையில் மட்டும் வார்ட்லியின் பெயரையும், 1938 என்ற வருஷத்தையும் அடித்து, எண்ணெயும் துருவும் பூசிப் பழசாக்கியிருந்தான்.

"நான் பழசுன்னு யாருகிட்டயும் சொன்னதில்ல. கேட்டா உண்மையச் சொல்லிடுவேன். அவங்க கேக்கறதில்ல," என்பான் டூகல்.

தீவில் எலியின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கெட்ட சகுனம். நீளவால் என்றுதான் சொல்வார்கள். அன்றிலிருந்து ப்ரீஷாவின் வாயில் டூகலுக்கும் அதே பெயர்தான்.

இந்த ஆகஸ்டில், ஜர்பியின் பழைய விமானத்தளத்தில், போருக்கு முந்திய வண்டிகளுக்கான பந்தயம். அவள் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. பெயர் கொடுத்தவை ஆறு வண்டிகள். ஐந்து டூகல் செய்தவை, ஒன்று ப்ரீஷாவுடையது. அதாவது, போருக்கு முந்திய பந்தயத்தில் போருக்கு முன்பு பிறந்த வண்டி ஒன்றே ஒன்று. "நான் நிக்கலன்னா அது பொம்மைக் கொலு," என்று புகைக்கொட்டகையில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் பயிற்சி ஓட்டம். ஓடுதளத்தின் நீண்ட நேர்க்கோட்டில் வண்டி எண்பதைத் தாண்டியது. வழக்கமான ஆட்டத்துக்காகக் கையைத் தளர்த்தினாள். ஆட்டம் வரவில்லை. கைப்பிடி குளத்துத் தண்ணீர் போலச் சும்மா கிடந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வண்டி என்றைக்கும் இல்லாத அழகோடு போவதாகத் தெரிந்திருக்கும். ப்ரீஷா முழங்கால்களால் டாங்கை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நாற்பது வருஷம் ஆடிய மாமன் ஆடாமல் நின்றால் அவன் திருந்திவிட்டான் என்று அர்த்தமில்லை. வளைவில் பிரேக்கைத் தொட்டபோது வண்டி இடது பக்கம் இழுத்தது, தூக்கத்தில் நடக்கிறவன் சாய்வது போல. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தவழ்ந்து வந்து சேர்ந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் எறிந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டிகளைச் சோதிக்கிறவர் ஓரி டியர். எழுபது தாண்டிய ஒல்லி மனிதர், எல்லாருக்கும் அண்ணன். சின்ன ஸ்பேனரால் ஃபோர்க்கின் ஒவ்வொரு குழாயாகத் தட்டிக்கொண்டு வந்தார். மூன்று குழாய்கள் மணி போலச் சொல்லின. இடப்பக்கத்துப் பின்குழாய் சட்டியைத் தட்டியது போல் சொன்னது. ஓரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கடல் பக்கம் பார்த்தாள்.

மண்ணெண்ணெய் தடவினார். துடைத்தார். மேலே சாக்பீஸ் தூளைத் தூவினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத்தூளில் தலைமுடி அளவு ஒரு கருப்புக்கோடு எழுந்து வந்தது, குழாயைப் பாதி சுற்றி.

"விரிசல், அம்மாடி."

"தெரியுது. எனக்குக் கண்ணு இருக்கு."

"நாளைக்கு இதுல விட முடியாது."

"பத்த வைக்கறேன். இன்னைக்கே பத்த வைக்கறேன்."

"பத்த வச்ச விரிசல நான் விட மாட்டேன். உங்க அம்மா வந்து கேட்டாலும் விட மாட்டேன். வேற ஃபோர்க் போட்டா கொண்டா, பாக்கறேன்."

"வேற ஃபோர்க்குக்கு எங்க போவேன்? வார்ட்லியக் குழிய விட்டு எழுப்பட்டுமா?"

சுற்றி நின்ற எல்லாருக்கும் பதில் தெரியும். டூகலின் வேன் இருபதடி தள்ளி நின்றது. அதற்குள் அவன் எப்போதும் ஒரு ஃபோர்க் கூடுதலாக வைத்திருப்பான். ப்ரீஷாவின் வண்டிக்கு அது அச்சாகப் பொருந்தும். பொருந்தாமல் எப்படி? அவளுடையதை அளந்து செய்ததுதானே.

டூகலிடம் போன வருஷம் வண்டி வாங்கிய பெம்பர்ட்டன் துரை அங்கே வெள்ளைக் கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் வாயைத் திறந்தார். "மேடம், எங்க வண்டிங்கள்ல இப்படி ஒண்ணும் ஆகறதில்ல. பழசுதான், ஆனா நல்லாப் பராமரிச்சிருக்காங்க."

"பழசா? துரை, உங்க வண்டிய விட உங்க கையுறைக்கு வயசு ஜாஸ்தி!"

சிலர் சிரித்தார்கள். டூகல் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை வேனின் மேல் வைத்துவிட்டு நடந்து வந்தான். கனத்த ஆள், நடக்கும்போது பூமியிடம் அனுமதி கேட்டுக்கேட்டு நடப்பான்.

"ப்ரீஷா. வேன்ல ஒண்ணு கிடக்கு. எடுத்துக்கோ."

"நீளவால் குடுத்தத நான் தொட மாட்டேன்."

"தொடலன்னா வீட்டுக்குப் போ. நாளைக்கு நீ இல்லாம அஞ்சு வண்டி ஓடும். எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

"அஞ்சும் நீ போட்ட குட்டி."

"ஆமா. ஆறாவதும் நாளைக்கு என் ஃபோர்க்குல நின்னா, அதுவும் பாதி என் குட்டிதான். அதானே உனக்கு எரியுது?"

எரிந்தது. ப்ரீஷாவின் முகம் புகைக்கொட்டகையின் அடுப்பு மாதிரி ஆயிற்று. அடிக்கப் போகிறாள் என்று ஓரி இரண்டடி முன்னால் வந்தார். அவள் விலக்கிவிட்டு வேனுக்கு நடந்தாள். கதவைத் திறந்து, சாக்குத்துணியில் சுற்றியிருந்த ஃபோர்க்கை வெளியே இழுத்துப் புல்லில் போட்டாள். முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள். குழாய் தலைக்குள் போகும் இடத்தில் பித்தளைப் பற்று ஒரே சீராக ஓடியிருந்தது, தேன் வழிந்து நின்றது போல. எங்கும் கட்டி இல்லை, ஓட்டை இல்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஸ்பேனரைப் பிடுங்கித் தட்டிப் பார்த்தாள். நான்கு குழாயும் மணி.

தன்னுடைய ஃபோர்க்கை விட இது நல்ல வேலை. வார்ட்லியின் பற்றில் கட்டி உண்டு, அவளுக்குத் தெரியும். நாற்பது வருஷமாகத் துடைக்கிறவளுக்குத் தெரியாதா? அதுதான் அவளை இன்னும் பற்றவைத்தது. மட்டமான சரக்காக இருந்தால் எட்டி உதைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"இத யாரு செஞ்சது?"

"என்னடி கேள்வி? நான்தான்."

"நீதானே? உன் ரெண்டு கையால?"

"பின்ன யாரு கையால?"

"அப்ப இது ஏன் வார்ட்லிங்குது?" ஃபோர்க்கின் தலையைத் திருப்பிக் காட்டினாள். அதே எழுத்துகள், அதே 1938. "வார்ட்லி செஞ்ச ஃபோர்க் அங்க விரிசல் விட்டுக் கிடக்கு. உன்னுது மணி மாதிரி சொல்லுது. நல்ல வேலைடா இது, நாயே! இவ்வளவு நல்ல வேலைக்கு எதுக்குடா செத்தவன் பேரு?"

டூகல் குனிந்து ஃபோர்க்கின் பற்றை விரலால் தடவினான். ஏழெட்டு வருஷமாக வார்ட்லி வண்டி செய்கிறவனிடம் நல்ல வேலை என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல முடியாது. அவனுடைய வேலை நன்றாக இருந்தால் அது வார்ட்லியின் பெருமை.

"நீ இத எனக்குக் குடுக்கறதா இருந்தா," என்றாள் ப்ரீஷா, "உன் பேர அடிச்சுக் குடு. பேரும், இந்த வருஷமும். வேலிக்கு அந்தாண்ட நிக்கறவனுக்கும் தெரியற மாதிரி. அப்ப என் வண்டில ஏத்தறேன். நாளைக்கு எவனாவது கேட்டா, வண்டி வார்ட்லியோடது, ஃபோர்க் மில்கிரிஸ்ட்டோடதுன்னு நானே சொல்றேன்."

"இங்கயா? இவங்க முன்னாடியா?"

"இவங்க முன்னாடிதான். அந்த எழுத்து அடிக்கிற பெட்டி வேன்லதானே இருக்கு? பொய் சொல்ற பெட்டி. எடுத்துட்டு வா."

டூகல் பெம்பர்ட்டனைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் அவனிடம் வண்டி வாங்கிய இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஒரு ஃபோர்க்கில் அவன் பெயரைப் பார்த்துவிட்டால், தங்கள் ஃபோர்க்கில் ஏன் அது இல்லை என்று இந்த மனிதர்கள் கேட்க வேண்டி வரும். கேட்டால் சொல்லிவிடுவேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தவன் அவன்.

"மிஸ்டர் மில்கிரிஸ்ட்," என்றார் பெம்பர்ட்டன், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, "இந்தம்மா என்ன சொல்றாங்க?"

"பொறுங்க சார்," என்றான் டூகல். "ஒரு வேலை இருக்கு. முடிச்சுட்டு வந்து சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

வேனுக்குள் போனான். எழுத்து அடிக்கிற பஞ்ச் உளிகள் வைத்திருந்த மரப்பெட்டியும், சுத்தியலும், ஒரு அரமுமாகத் திரும்பி வந்தான். முதலில் அரத்தால் 1938ஐத் தேய்த்தான். பிறகு வார்ட்லியை. பூசியிருந்த துரு உதிர்ந்து, அடியில் வெள்ளை இரும்பு கண் விழித்தது. ஓரி அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "குழாய்ல அடிக்காத, குழாய் நோகும். தலையிலயே அடி" என்று மட்டும் சொன்னார்.

"அவனுக்குத் தெரியும்ண்ணே," என்றாள் ப்ரீஷா எரிச்சலோடு.

ஃபோர்க்கின் தலை வளைவானது. வளைவில் பஞ்ச் வழுக்கும். இடுக்கி இல்லாவிட்டால், ஒருவர் பிடிக்க, ஒருவர் அடித்தால்தான் எழுத்து நேராக விழும். இத்தனை வருஷமும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக, இடுக்கியில் பிடித்து அடித்தவன் டூகல். இடுக்கியைத் தேடினான். பட்டறையில் விட்டு வந்திருந்தான்.

ப்ரீஷா பெட்டியைக் கிளறி முதல் எழுத்தை எடுத்தாள். இரும்பின் மேல் நிறுத்தி, வலது கையின் மூன்று விரலால் பிடித்தாள்.

"கைய எடு. என் கை ஆடுது, ப்ரீஷா. தவறினா விரல் போயிடும்."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. உளியைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். விரல்களை இன்னும் கீழே இறக்கி, இரும்போடு இரும்பாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அடிடா," என்றாள்.